குமுதவல்லியின் கொல்லை மரம்

சிறுமலை அடிவாரத்தில் ஒரு சாமியார் இருந்தார். சாமியார் என்றால் சீடர்கள் இருக்க வேண்டும். இவருக்கு இல்லை. இவருடைய குரு இருந்த காலத்தில் கூட்டம் இருந்தது. குரு போன பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் ஒரு கூடமும், இரண்டு அறைகளும், ஒரு கிணறும், இவரும் மிச்சம்.

வயது நாற்பத்தைந்துக்குள் இருக்கும். தாடியில் நரை இன்னும் இறங்கவில்லை. பேச்சு குறைவு. சமையல் மோசம்.

அவரைத் தேடி ஒரு வியாழக்கிழமை காலை குமுதவல்லி வந்தாள். திண்டுக்கல்லில் இருந்து டவுன் பஸ். இறங்கி, கல்லும் முள்ளுமாக ஒரு ஏற்றம். ஏறி முடிப்பதற்குள் அந்தப் பாதையைப் போட்டவனை, போடாதவனை, செருப்பு விற்றவனை எல்லாரையும் திட்டி முடித்திருந்தாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு. கணவர் தட்சிணாமூர்த்தி மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். ஓய்வு எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்குள் போய்விட்டார். அதற்கு முன்னால் மாமியார். அதற்கும் முன்னால், கல்யாணம் ஆகாமலே வீட்டோடு இருந்த நாத்தனார் கோகிலா. பிள்ளை இல்லை.

"சாமி, நான் இங்கேயே இருந்துக்கறேன்" என்றாள், உட்காருவதற்கு முன்பே.

சாமி ஒரு பாயை விரித்துப் போட்டார்.

"தத்துவம் கேக்க வரலை. தியானமெல்லாம் எனக்கு வராது, தூங்கிடுவேன். சமைப்பேன், கூட்டுவேன், மெழுகுவேன். அந்த ஓரத்து அறை சும்மாத்தானே கிடக்கு?"

"வீடு?"

"பூட்டிட்டு வந்துடறேன்."

"அங்கே என்ன குறை?"

குமுதவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வைதான்.

"ஒருத்திக்கு உலை வைக்கத் தெரியலை சாமி. நாலு பேருக்கு அளந்த கை. எவ்வளவு குறைச்சுப் போட்டாலும் மிஞ்சுது. மிஞ்சினதை மறுநாள் திங்கறேன், அன்னைக்கு வச்சது மிஞ்சுது. நேத்துச் சோத்தைத் தின்னே நான் போய்ச் சேர்ந்துடுவேன் போலிருக்கு."

"வேறே?"

"வேறே என்ன? கொல்லையில ஒரு மரம். காய்க்கும், பழுக்காது, பச்சையாவே பொலபொலன்னு உதிரும். துவைக்கிற கல்லு மேல, காயற துணி மேல. அதைக் கூட்டித் தள்றதுதான் எனக்குப் பொழப்பு."

"என்ன மரம்?"

"என்னமோ மரம்."

"பேரு?"

"யாருக்குத் தெரியும்? நான் வாக்கப்பட்டு வந்தப்பவே நின்னுக்கிட்டிருந்துச்சு."

சாமி கிணற்றடியைப் பார்த்தார்.

"அதோட பேரைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்கம்மா. அதுல ஒரு கன்னும் கொண்டாங்க. அப்புறம் இங்கே இருக்கலாம்."

"வார்த்தை மாற மாட்டீங்களே?"

"மாட்டேன்."

இவ்வளவுதானா என்று இருந்தது குமுதவல்லிக்கு. இறக்கத்தில் அவள் யாரையும் திட்டவில்லை.

அடுத்த வியாழக்கிழமையே வந்தாள். கையில் ஒரு கறுப்புப் பை, பையில் மண், மண்ணில் ஒரு கன்று. கன்றின் கழுத்தில் நர்சரிக்காரன் கட்டிவிட்ட அட்டை.

"உதிர்ந்த காயைக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்ததுமே அத்தின்னுட்டான். பேரு ஆச்சு. இந்தாங்க கன்னு. அறைச் சாவி எங்கே இருக்கு?"

சாமி கன்றை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"உங்க மரத்துல எடுத்ததா?"

"கடையில வாங்கினது. அத்திக்கு அத்திதானே சாமி?"

"உங்க மரத்து இலை இப்படித்தான் இருக்குமா?"

குமுதவல்லி கன்றின் இலையைத் தொட்டுப் பார்த்தாள்.

முப்பத்து மூன்று வருஷம் அந்த இலையைக் கூட்டியிருக்கிறாள். குவித்து எரித்திருக்கிறாள். அது நீளமா அகலமா, வழவழப்பா சொரசொரப்பா, ஒன்றும் தெரியவில்லை.

"பார்த்துட்டு வாங்க" என்றார் சாமி.

வீட்டுக்குப் போய், கைப்பையைக்கூட வைக்காமல் கொல்லைக்குப் போனாள். இலை உள்ளங்கை அகலம் இருந்தது. நடுவில் பிளந்து, விரல் விரலாகப் பிரிந்திருந்தது. தடவினால் பூனை நாக்கு மாதிரி சொரசொரத்தது. கடைக்காரன் கொடுத்த கன்றின் இலையோ மாவிலைக்குத் தம்பி. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் மரத்தைத் திட்டினாள்.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். யாரைக் கேட்பது? கோகிலாவுக்குத் தெரிந்திருக்கும். சாயங்காலமானால் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு இதன் அடியில்தான் நிற்பாள். மாமியாருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். வீட்டுக்காரருக்குத் தெரியாவிட்டாலும், தெரிந்தமாதிரி ஏதாவது சொல்லியிருப்பார். சும்மா இருக்கமாட்டார், பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுவார். மூன்று பேர் பக்கத்தில் இருந்தபோது கேட்கவில்லை. இப்போது கேள்வி இருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை.

அந்தக் கொல்லையை அந்தக் காலத்தில் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது ஒரே ஆள்தான். மதிலுக்கு அந்தப் பக்கம், ரெஜினா. அவளோடு பேச்சு இல்லை. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால், தன் பக்கம் விழுந்த காய்களை வாரிக்கொண்டே ரெஜினா, "இந்த மலட்டு மரத்தை எதுக்குத்தான் வச்சிருக்காங்களோ" என்று சொன்னாள். மரத்தைத்தான் சொன்னாள். குமுதவல்லி மரம் இல்லை. ஆனாலும் அன்றைக்குக் கதவைச் சாத்தினவள்தான்.

கல்லை விட்டு எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"ரெஜினா!"

அந்தப் பக்கம் அலறிக்கொண்டிருந்த டிவி சட்டென்று நின்றது. பிறகு மதிலுக்கு மேல் ஒரு கண்ணாடியும் நரைத்த உச்சியும் வந்தன.

"என்னக்கா? நீங்க செத்துகித்துப் போயிட்டீங்களோன்னு நெனைச்சேன்."

"நான் செத்தா முதல்ல உனக்குத்தானே நாத்தம் வரும். வந்துச்சா?"

"இல்லை."

"அப்ப உயிரோடதான் இருக்கேன். இந்த மரத்தை யாரு வச்சதுன்னு தெரியுமா?"

ரெஜினா கண்ணாடியைக் கழற்றி மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"கோகிலாவைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பா."

"அது எனக்கும் தெரியுது."

"கேக்கலையா?"

"கேக்கணும்னு தோணலை."

"எங்க வீட்டுக்காரரும் இருந்தப்ப ஏதோ சொல்லுவாரு, யாரோ வெளிதேசத்துல இருந்து கொண்டாந்ததுன்னு. நானும் காதுல வாங்கலை" என்றாள் ரெஜினா. பிறகு, "எங்கே போயிடப் போறாங்கன்னு இருந்துட்டேன்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. குமுதவல்லி கேட்கவும் இல்லை.

வேளாண்மைக் கல்லூரியில் போய்க் காட்டச் சொன்னது ரெஜினாதான். குமுதவல்லி இலையையும் காயையும் ஒரு டிபன் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். அங்கே தேன்மொழி என்று ஒரு பேராசிரியை. வாசலில் யாராவது வந்தால் போதும் என்று காத்திருந்தவள் மாதிரி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள்.

காயைக் குறுக்கே வெட்டினாள். பால் வழிந்தது. துடைத்துவிட்டு லென்ஸைக் கொடுத்தாள்.

"உள்ளே பாருங்கம்மா."

குமுதவல்லி பார்த்தாள். ஊசிமுனை ஊசிமுனையாக, வெளிர் ரோஜா நிறத்தில், இடமே இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"புழுவா?"

"பூ. அத்தனையும் பூ. நூத்துக்கணக்குல. உள்பக்கம் பார்த்துப் பூக்கும்."

"கதவைச் சாத்திக்கிட்டா?"

"முழுசாச் சாத்தலை. நுனியில சின்னதா ஒரு ஓட்டை இருக்கு பாருங்க. ஒரு குளவி இருக்கு, எள்ளை விடச் சின்னது. அது அந்த வழியா உள்ளே வரணும். வந்தாத்தான் இது பழுக்கும். வரலைன்னா உதிர்ந்துடும்."

"எல்லா அத்தியும் அப்படியா?"

"இல்லைம்மா. இது சீமை அத்தி, கடையில உலர்ந்த பழமா விக்கிறது. நம்ம ஊர்ல தோட்டத்துல வைக்கிற ரகம் யாரும் வராமலே தானாப் பழுத்துக்கும். உங்களுது வேற ரகம். அதுக்கான குளவி இந்தப் பக்கம் கிடையாது."

"அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் காய்க்குது?"

தேன்மொழி சிரித்தாள். "அதுக்குத் தெரியாது இல்லையா?"

குமுதவல்லி சிரிக்கவில்லை. லென்ஸைக் கீழே வைத்தாள். எடுத்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

"அப்ப மலடு இல்லை."

"யாரும்மா சொன்னது மலடுன்னு?"

"யாரோ. ரகத்தோட பேரு என்ன?"

"அதைச் சொல்ல முடியாதும்மா. இலையை வச்சு மட்டும் உறுதியாச் சொல்றதுக்கில்லை, நூறு ரகம் இருக்கு. பழுத்த பழம் இருந்தா தோல், நிறம், ருசி எல்லாம் பார்த்துச் சொல்லப் பார்க்கலாம்."

"பழுக்காதுன்னு இப்பத்தானே சொன்னே?"

"ஆமா."

"பேரு சொல்லப் பழம் வேணும். பழம் ஆகாது. என்ன படிப்பு படிச்சே நீ?"

தேன்மொழிக்குக் கோபம் வரவில்லை. டீ சொன்னாள். டீ வந்து, ஆறி, குடித்து, டம்ளரைக் கழுவி வைத்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தாள். பஸ்ஸைக் காட்டித்தான் குமுதவல்லி தப்பிக்க வேண்டியிருந்தது.

கன்று தனிக் கதை. மூன்று குச்சிகளை வெட்டிச் சட்டியில் நட்டாள். நாலு பேர் அரிசியைக் கழுவுகிற கை, கழுநீரையும் நாலு பேருக்கே ஊற்றியது. சட்டி சேறானது. வேர் வந்ததா என்று காலையில் ஒருமுறை பிடுங்கிப் பார்த்தாள். சாயங்காலம் ஒருமுறை. குச்சிகள் அடியில் கறுத்து, வழுவழுவென்று அழுகின. மறுபடி நட்டாள். மறுபடி பிடுங்கினாள்.

வியாழக்கிழமை சாமி முன்னால் அழுகின குச்சியைப் போட்டாள்.

"பேரு கிடையாதாம். கன்னும் வரலை. என்ன செய்யச் சொல்றீங்க?"

சாமி குச்சியை எடுத்துப் பார்த்தார். "தினம் பிடுங்கினீங்களா?"

"பிடுங்காம எப்படித் தெரியும்?"

"வெட்டிட்டு, வேர் விடச் சொல்றீங்க."

"பின்னே?"

"வேர் விட்ட பிறகு வெட்டுங்க."

"மரத்து மேல இருக்கற கிளை, அந்தரத்துல எப்படி சாமி வேர் விடும்? பேசறதுக்கு நல்லா இருக்கு!"

சாமி எழுந்து அடுப்படிக்குப் போனார். அங்கே கஞ்சி அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. வாசம் பொறுக்காமல் குமுதவல்லியே உள்ளே போய், அவரை நகரச் சொல்லி, சட்டியை இறக்கினாள். இருந்த நாலு கத்தரிக்காயை வைத்து ஒரு குழம்பு வைத்தாள். அளவு பார்க்காமல்தான் அரிசி போட்டாள். சாமி இரண்டு வேளைக்கு எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார். நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.

சாமி சொன்னதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் ரெஜினாவைக் கூப்பிட்டாள்.

"அந்தரத்துல வேர் விடுமாம், கேட்டியா?"

"விடுமே" என்றாள் ரெஜினா. "யூட்யூப்ல பார்த்தேன். விண்பதியன்னு பேரு. இருங்க, காட்டறேன்."

மதிலில் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, நடுவில் போன். கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கிளை. இரண்டு விரல் அகலத்துக்குச் சுற்றிப் பட்டையை உரிக்க வேண்டும். உரித்த இடத்தில் ஈரநாரை வைத்துக் கவரால் இறுக்கிக் கட்ட வேண்டும். கிளை மரத்தோடுதான் இருக்கும். மரமே சோறு போடும். காயம் பட்ட இடத்தில் வேர் வரும். வந்த பிறகு அறுத்துக்கொள்ளலாம்.

அதற்குத் தோதாக நேராக வளர்ந்திருந்த கிளை ஒன்றே ஒன்று. அது மதிலைத் தாண்டி ரெஜினா பக்கம் போயிருந்தது.

"உன் பக்கம் வரணும்" என்றாள் குமுதவல்லி.

"கேட் எங்கே இருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"நீ கேட்டைத் திற முதல்ல."

கத்தியைப் பிடித்தது குமுதவல்லி. கிளையைப் பிடித்தது ரெஜினா. பாத்திரம் தேய்க்க வைத்திருந்த தேங்காய் நாரை ஊறப்போட்டுப் பிழிந்து வைத்தார்கள். வேர் வந்தால் வெளியே தெரியட்டும் என்று பிரட் கவரைக் கிழித்துச் சுற்றினார்கள்.

"இறுக்குக்கா. நீங்க என்ன பூவா கட்டறீங்க?"

"நீ நல்லாப் பிடி. கையா, கருவாடா?"

பால் பட்ட இடமெல்லாம் இருவருக்கும் அரித்துத் தடித்தது. ரெஜினா தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தாள். தன் கையில் தடவிக்கொண்டவள், சும்மா நின்ற குமுதவல்லியின் கையை இழுத்து அதிலும் தடவினாள். கையை யாரோ தொட்டு எவ்வளவு நாளாயிற்று என்று குமுதவல்லி யோசித்தாள். கணக்குப் போடாமல் நிறுத்திக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் மரத்தைத்தான் சொன்னேன்க்கா" என்றாள் ரெஜினா.

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"எண்ணெயை மூடி வை. கொட்டிடும்."

அதன் பிறகு வேலை காத்திருப்பதுதான். அது குமுதவல்லிக்கு வராத வேலை. வாரம் இரண்டு தடவை ரெஜினாவின் கேட்டைத் திறந்துகொண்டு போய் கவரை உற்றுப் பார்ப்பாள். பிரித்துப் பார்க்கக் கை போகும். ரெஜினா கையில் ஒரு தட்டு தட்டுவாள். வியாழக்கிழமை ஆனால் மலையடிவாரம்.

"வேர்?" என்பார் சாமி.

"இல்லை" என்பாள் இவள்.

வந்ததற்குச் சமைத்து வைப்பாள். ஊர்ச் செய்தி சொல்வாள், டவுன் பஸ் கண்டக்டரைப் பற்றிப் புகார் சொல்வாள், தேன்மொழி போன் பண்ணி மரத்தை விசாரித்தாள் என்று சொல்வாள். சாமி கேட்டுக்கொண்டிருப்பார். சிலசமயம் கேட்கிறாரா என்றே தெரியாது. கோபம் வந்து எழுந்து போய்விடுவாள்.

மழைக்காலத்தில் ஒரு வாரம் காய்ச்சல். போக முடியவில்லை. ரெஜினா ரசம் வைத்துக்கொண்டுவந்து, ரசத்தைப் பற்றிய விமர்சனத்தையும் வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த வியாழக்கிழமை குமுதவல்லி ஏற்றம் ஏறிப் போனபோது, ஆசிரமத்துக் கேட் விரியத் திறந்து கிடந்தது. உள்ளே இரண்டு ஆடுகள் செம்பருத்தியை மொட்டையடித்துக்கொண்டிருந்தன.

"கேட்டைச் சாத்தக் கூடாதா சாமி? ஆடு பூந்திருக்கு!"

"போன வியாழக்கிழமை திறந்தது" என்றார் சாமி.

"ஒரு வாரமாவா?"

சாமி ஆட்டை விரட்டப் போய்விட்டார்.

இவளுக்கு அதைப் பற்றி யோசிக்க நேரம் இல்லை. சாமியின் அடுப்படியில் எறும்பு சர்க்கரை டப்பாவைப் பட்டா போட்டுக்கொண்டிருந்தது.

தை பிறந்து சில நாளில், குமுதவல்லி பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தல் கேட்டது.

"குமுதாக்கா! இடியாப்பம்! இடியாப்பம்!"

வாயில் நுரையோடு ஓடினாள். பிரட் கவருக்குள் வெள்ளை வெள்ளையாக, இழை இழையாக, நாரைத் துளைத்துக்கொண்டு வந்து பிளாஸ்டிக்கில் முட்டிக்கொண்டிருந்தன வேர்கள். குமுதவல்லி கவரின் மேல் விரலை வைத்தாள். எடுக்கவில்லை.

கிளையை அறுத்தார்கள். ஒரு பழைய வாளியில் ஓட்டை போட்டு நட்டு, நிழலில் வைத்தார்கள். வாடியது, தலையைத் தொங்கப்போட்டது, பிறகு என்ன நினைத்ததோ, புதிதாக ஒரு இலை விட்டது. விரல் விரலாகப் பிரிந்த இலை.

"அப்ப கிளம்பிடுவீங்க" என்றாள் ரெஜினா.

"அதுக்குத்தானே இவ்வளவு பாடும்?"

"வீட்டை யாருக்காவது வாடகைக்கு விடுங்க. பூட்டிப் போடாதீங்க. பக்கத்துல பூட்டின வீடு இருந்தா எனக்குத் தூக்கம் வராது."

"டிவியை அலற விட்டுட்டுத் தூங்கறவளுக்கு என்ன?"

"அது நான் பார்க்கறதுக்குன்னா நெனைச்சீங்க?" என்றாள் ரெஜினா.

குமுதவல்லி குனிந்தாள். வாளியில் இருந்த களையைப் பிடுங்கினாள்.

அந்த வியாழக்கிழமை ஒரு கையில் வாளி, ஒரு கையில் துணிப்பை. நாலு புடவை, ஒரு சொம்பு, கணவர் போட்டோ. வீட்டுச் சாவி இடுப்பில். கண்டக்டர் வாளிக்கும் டிக்கெட் போடுவேன் என்றான். அவனோடு அன்றைக்குச் சண்டை போடவில்லை. கேட்ட காசைக் கொடுத்தாள்.

சாமி குழி வெட்டி வைத்திருந்தார். கிணற்றடி ஓரம், வெயில் விழும் இடம். இருவருமாகக் கன்றை இறக்கினார்கள். மண் தள்ளினார்கள். சாமி தண்ணீர் இறைத்தார்.

"பேரு இன்னும் தெரியாது" என்றாள் குமுதவல்லி. "சீமை அத்திங்கறதோட சரி. முன்னாடியே சொல்லிடறேன்."

"ம்."

"இதுவும் காய்ச்சு உதிரத்தான் போகுது. இங்கேயும் அந்தக் குளவி கிடையாது. கிளையில இருந்து எடுத்தது, நூறு எடுத்து வச்சாலும் நூறும் அந்த ஒரே மரம்தானாம். ஒண்ணுக்கு ஒண்ணு துணைக்கு ஆகாதாம். தேன்மொழி சொன்னா."

"ம்."

"ம் தானா? அறை?"

சாமி கை காட்டினார். ஓரத்து அறைக் கதவு திறந்திருந்தது.

உள்ளே போனாள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. தரை மெழுகியிருந்தது. ஒரு பாய், ஒரு தலையணை, மூலையில் பானை, பானை மேல் கவிழ்த்த டம்ளர். ஆணியில் ஒரு கண்ணாடிகூட மாட்டியிருந்தார். வார்த்தை மாறவில்லை.

குமுதவல்லி பையைக் கீழே வைத்தாள். பாயில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக மலை தெரிந்தது. சத்தமே இல்லை. கிணற்று உருளை இரண்டு முறை கிறீச்சிட்டு நின்றது. அவ்வளவுதான். இனி வியாழக்கிழமை என்று ஒன்று இல்லை. பஸ் இல்லை, ஏற்றம் இல்லை. சாமி அந்த அறையில் இருப்பார். இவள் இந்த அறையில் இருப்பாள்.

எழுந்து வாசற்படிக்கு வந்தாள். கோபம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"சாமி!"

சாமி கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"இந்த அறை அன்னைக்கும் காலியாத்தானே இருந்துச்சு?"

"ஆமா."

"பேரு தெரியலைன்னாலும் பரவாயில்லைன்னு இப்ப விடறீங்க. அன்னைக்கு வேணும்னுட்டீங்க. கன்னு உங்களுக்கு நிழலுக்கும் ஆகாது, பழத்துக்கும் ஆகாது. முழங்கால் தேய அந்த ஏத்தம் ஏறி இறங்கியிருக்கேன். வெயில், மழை, காய்ச்சல். முதல் நாளே இதைத் திறந்து விட்டிருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

சாமி கயிற்றைக் கிணற்றுச் சுவரில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கே உங்களை உள்ளே விட்டிருந்தா, இந்த வாசலுக்கு வர யாரும்மா இருந்திருப்பா?"

குமுதவல்லி படியிலேயே நின்றாள்.

நிழல் கிணற்றுச் சுவரைத் தொட்டது. கீழே ரோட்டில் டவுன் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. கண்டக்டர் டீ குடித்து, அது மறுபடி கிளம்ப நேரம் எடுக்கும்.

அவள் உள்ளே போனாள். பாயைச் சுருட்டி ஓரமாக நிறுத்தினாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து அறைக் கதவைச் சாத்தினாள். சாமி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"போயிட்டு வியாழக்கிழமை வரேன் சாமி."

"வாங்க" என்றார்.